இங்கே செக்ரட்டரி என்றால் அமைச்சர்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வந்து இறங்கிய புதிதில் இந்த ஊர்ச் செய்தியையும் நம் ஊர்க் கண்ணோடுதான் பார்ப்போம். 'ட்ரெஷரி செக்ரட்டரி சொன்னார்' என்று காதில் விழுந்தால், கோட்டையில் கோப்பு பார்க்கும் ஐ.ஏ.எஸ். அதிகாரிதான் நினைவுக்கு வருவார். முதல் ஆறு மாதம் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே செக்ரட்டரி என்பவர் அந்தத் துறையின் அமைச்சர். அதிபரின் 'கேபினட்'டில் உட்காருபவர்.

துறைப் பெயர்களிலும் இதே குழப்பம் உண்டு. ஸ்டேட் டிபார்ட்மென்ட் மாநிலங்களைக் கவனிக்கும் துறை இல்லை, வெளியுறவுத் துறை. இன்டீரியர் என்றதும் உள்துறை என்று நினைத்துவிடாதீர்கள். தேசியப் பூங்காக்கள், அரசு நிலங்கள், பூர்வகுடிகள் தொடர்பான பொறுப்புகள்தான் அதனிடம் இருக்கின்றன. எல்லையும் குடியேற்றமும் ஹோம்லேண்ட் செக்யூரிட்டியின் கையில், எஃப்.பி.ஐ. நீதித்துறையின் கீழ். இந்தியாவில் அட்டர்னி ஜெனரல் என்றால் அரசின் தலைமை வழக்கறிஞர், சட்ட அமைச்சர் வேறொருவர். இங்கே அட்டர்னி ஜெனரல்தான் நீதித்துறையின் அமைச்சர்.

இந்த அமைச்சரவை உருவான கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் இந்த ஊர் அரசியல் பிடிபடும். 1787-இல் எழுதிய அரசியலமைப்பில் 'கேபினட்' என்ற ஏற்பாடே கிடையாது. துறைத் தலைவர்களிடம் அதிபர் எழுத்துமூலம் கருத்துக் கேட்கலாம் என்று ஒரு வரி இருக்கிறது, அவ்வளவுதான். முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் முதலில் செனட்டைத்தான், அதாவது நாடாளுமன்றத்தின் மேலவையைத்தான் நம்பினார். 1789 ஆகஸ்டில், தெற்கத்திப் பூர்வகுடிகளுடன் செய்யவிருந்த ஒப்பந்தம் பற்றி யோசனை கேட்க நேரிலேயே போனார். உறுப்பினர்களோ உடனே பதில் சொல்லாமல், குழுவுக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்றார்கள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து மறுபடி போய் வேலையை முடித்தார். அதற்குப் பிறகு யோசனை கேட்க அந்தப் பக்கம் போகவே இல்லை.

பிறகு தன் துறைத் தலைவர்களையே கூட்டிவைத்துப் பேசத் தொடங்கினார். வெளியுறவுக்கு ஜெபர்சன், கருவூலத்துக்கு ஹாமில்டன், போர்த்துறைக்கு நாக்ஸ், சட்டத்துக்கு ராண்டால்ஃப் என்று நான்கே பேர். 1793-இல் பிரான்சும் பிரிட்டனும் போரில் இறங்கியபோது, நாம் யார் பக்கமும் சாராமல் இருப்பதா என்ற கேள்வியில் இந்தக் கூட்டங்கள் அடிக்கடி நடந்து வழக்கமாகவே ஆகிவிட்டன. சண்டைக்கு விட்ட இரண்டு சேவல்கள் மாதிரி ஹாமில்டனும் தானும் தினம் மோதிக்கொண்டதாக ஜெபர்சன் பின்னாளில் எழுதினார். இருவரையும் பேசவிட்டுக் கேட்டு, முடிவை மட்டும் வாஷிங்டன் தன் கையில் வைத்துக்கொண்டார். அந்தப் பழக்கம்தான் இன்றுவரை தொடர்கிறது.

நான்கு பேரோடு தொடங்கிய கேபினட்டில் இன்று 15 துறைகள். வெள்ளை மாளிகையின் கேபினட் அறையில் நாற்காலி வரிசை துறையின் வயதைப் பொறுத்தது: பழைய துறைக்காரர் அதிபருக்குப் பக்கத்தில், புதியவர் தள்ளி. 2002-இல் சட்டமான ஹோம்லேண்ட் செக்யூரிட்டிதான் கடைக்குட்டி.

நம் ஊரில் அமைச்சராக எம்.பி.யாகவோ எம்.எல்.ஏ.வாகவோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்குள் ஆக வேண்டும். இங்கே நேர் எதிர். காங்கிரஸ் (இந்த ஊர் நாடாளுமன்றம்) உறுப்பினர் அமைச்சரானால் அந்த உறுப்பினர் பதவியை விட்டுவிட வேண்டும். அதிபர் பெயரைச் சொல்வார், செனட் விசாரித்துப் பெரும்பான்மையில் ஒப்புதல் தரும். ஆனால் நீக்க அதிபர் ஒருவரே போதும். கேபினட் ஓட்டுப் போட்டு அவரைக் கட்டுப்படுத்த முடியாது. ஒரே ஒரு விலக்கு: அதிபர் கடமையாற்ற இயலாத நிலையில் இருக்கிறார் என்று துணை அதிபரும் துறைத் தலைவர்களில் பெரும்பான்மையோரும் எழுதிக் கொடுத்தால், பொறுப்பு துணை அதிபரிடம் போகும். 1967-இல் வந்த 25-ஆவது திருத்தம் சொல்வது இது. இந்தப் பிரிவை இதுவரை யாரும் பயன்படுத்தியதில்லை.

சரி, நமக்கும் இதற்கும் என்ன? உங்கள் எச்-1பி வேலை விசா ஃபைலையே எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளம் சரியா என்று முதலில் தொழிலாளர் துறை எல்.சி.ஏ. என்ற விண்ணப்பத்துக்குச் சான்று தந்தது. மனுவை அங்கீகரித்த குடியேற்ற அலுவலகமான யு.எஸ்.சி.ஐ.எஸ். ஹோம்லேண்ட் செக்யூரிட்டியைச் சேர்ந்தது. சென்னை கான்சலேட்டில் பாஸ்போர்ட்டில் விசா ஒட்டியது ஸ்டேட் டிபார்ட்மென்ட். விமான நிலையத்தில் கைரேகை எடுத்தவர் மறுபடியும் ஹோம்லேண்ட். ஏப்ரலில் வரி கட்டும்போது ட்ரெஷரி வந்துவிடும். கிரீன் கார்டு வரிசை எவ்வளவு நகர்ந்தது என்று மாதாமாதம் விசா புல்லட்டின் போடுவது ஸ்டேட் டிபார்ட்மென்ட். எந்தக் காகிதம் எந்தத் துறையுடையது என்று தெரிந்தால், யாரிடம் கேட்பது என்பதும் தெரிந்துவிடும். தயவுசெய்து இன்றைக்கே ஒன்று செய்யுங்கள்: இணையத்தில் உங்கள் ஐ-94-ஐ, அதாவது நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவை எடுத்துத் தேதியைப் பாருங்கள். விசா ஸ்டிக்கரில் உள்ள தேதி வாசல்வரை வருவதற்குத்தான். எதுவரை தங்கலாம் என்பதை ஐ-94தான் சொல்லும். பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதியாவதாக இருந்தால் ஐ-94 தேதியையும் அத்தோடு நிறுத்திவிடுவார்கள்.

ஃபைல் எங்காவது மாட்டிக்கொண்டால் அமைச்சரைப் பார்த்து மனுக் கொடுக்கும் வழக்கம் இங்கே இல்லை. உங்கள் பகுதியின் காங்கிரஸ் உறுப்பினருடைய அலுவலகத்துக்கு போன் செய்யுங்கள். இதற்கென்றே அங்கே ஆள் வைத்திருப்பார்கள். குடியுரிமை இல்லையே, ஓட்டு இல்லையே என்று தயங்க வேண்டாம். அந்தத் தொகுதியில் குடியிருந்தால் போதும். உங்கள் விவரங்களைக் கேட்டுப் பெற அனுமதிப் படிவம் ஒன்றில் கையெழுத்துக் கேட்பார்கள். உங்கள் மனுவின் ரசீது எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.