டெக்சாஸில் வரியே இல்லையாமே!

"இங்க ஸ்டேட் டாக்ஸே கிடையாது மச்சான், கிளம்பி வந்துடுங்க" என்று டெக்சாஸ் ஃப்ரிஸ்கோவில் இருக்கும் மைத்துனன் நாலு வருஷமாகச் சொல்கிறான். நாங்கள் இருப்பது நியூ ஜெர்சி எடிசனில். போன கோடையில் ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நீங்களும் போடுவதாக இருந்தால் சதவீதத்தைப் பார்க்காதீர்கள், டாலரில் எழுதுங்கள்.

வருமான வரி சுலபம். போன வருஷம் தாக்கல் செய்த மாநிலப் படிவத்தை எடுத்தால் போதும். நியூ ஜெர்சியில் 10.75% என்று பயமுறுத்துவார்கள்; அது பத்து லட்சம் டாலரைத் தாண்டிய தொகைக்கு. கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்து, வரிக்குரிய வருமானம் ஒன்றரை லட்சம் டாலர் என்றால் சுமார் 5,510 டாலர் வரும். டெக்சாஸில் பூஜ்யம். ஒரு எச்சரிக்கை: மன்ஹாட்டன் கம்பெனி வேலையை வைத்துக்கொண்டு டெக்சாஸ் வீட்டிலிருந்து பார்க்கலாம் என்று நினைத்தால், உங்கள் வசதிக்காக வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கும் நியூ யார்க் வரி கேட்கும்.

சொத்து வரியில்தான் ஏமாறுவோம். எங்கள் எடிசன் வீட்டுக்கு வருஷம் 10,800. டெக்சாஸில் வீட்டு விளம்பரத்தில் போட்டிருக்கும் வரியை நம்பாதீர்கள். அது இப்போதைய உரிமையாளரின் வரி. குடியிருக்கும் வீடு என்பதால் அவருக்கு வரி மதிப்பு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறாது. வீடு கைமாறினால் அந்த வரம்பு போய்விடும். புது வீடென்றால் இன்னும் மோசம், வெறும் மனைக்குப் போட்ட வரியைக் காட்டியிருப்பார்கள். பள்ளி, கவுண்டி, நகரம் என்று ஒவ்வொன்றின் விகிதத்தையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். புதுக் குடியிருப்பு என்றால் தண்ணீர், சாக்கடை போட்ட கடனுக்கு 'மட் டாக்ஸ்' உண்டா என்றும் கேளுங்கள். நான் பார்த்த 5,50,000 டாலர் வீட்டில் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்குப் பள்ளி வரியில் தரும் 1,40,000 டாலர் ஹோம்ஸ்டெட் விலக்கைக் கழித்த பிறகும், மட் டாக்ஸோடு சேர்த்து பத்தாயிரம் வந்தது. எடிசனுக்கும் அதற்கும் 800தான் வித்தியாசம்!

விற்பனை வரிக்கு கிரெடிட் கார்டு கணக்கைப் புரட்டுங்கள். நியூ ஜெர்சியில் 6.625%, துணிக்குக் கிடையாது. டெக்சாஸில் பெரும்பாலான ஊர்களில் 8.25%, துணிக்கும் உண்டு. அரிசி பருப்புக்கு இரண்டு இடத்திலும் இல்லை. வளரும் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கும் எங்களுக்கு அங்கே வருஷம் 570 டாலர் கூட வரும்.

அப்புறம் வரியில் சேராத ஒன்று, வீட்டு இன்சூரன்ஸ். இங்கே 1,400 கட்டுகிறேன். அங்கே 4,200 கேட்டார்கள். மேலே சொன்ன 5,510 வருமான வரியை வைத்துப் பார்த்தால், டெக்சாஸ் போனால் எல்லாம் போக மிச்சம் 2,900 சொச்சம்.

மைத்துனனுக்கு அனுப்பினேன். "இன்சூரன்ஸ் டாக்ஸ் இல்லையே, அதை ஏன் சேர்க்கறீங்க?" என்றான். ஆலங்கட்டி மழைக்கு அவன் கூரை மாற்றியதை நான் ஞாபகப்படுத்தவில்லை.