பழைய அமெரிக்கக் காரில் மாற்று இன்ஜின்: எண்ணைத் தப்பாகப் படித்தால் பணம் போகும்

1955-ல் வந்த 265-இல் தொடங்கி 283, 327, 350 என்று (எண்கள் கன அங்குலத்தில் கொள்ளளவு) ஷெவ்ரலேயின் ஸ்மால் பிளாக் என்ற சிறிய வகை வி8 இன்ஜின்கள் எல்லாம் வெளியே பார்க்கக் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். ஆரஞ்சு பெயின்ட், குரோம் மூடி, ஏர் கிளீனர் மேல் ‘302’ என்று ஒரு ஸ்டிக்கர். இதை மட்டும் பார்த்துவிட்டு விலை பேச உட்காருவதுதான் முதல் தவறு. ஸ்டிக்கர் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

வாங்கப்போவது 1969 ஷெவ்ரலே கமாரோ என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் பிளாக்கின் பின்பக்கம், கியர்பாக்ஸ் சேரும் இடத்தில், ஓட்டுநர் பக்கமாக (அமெரிக்காவில் அது இடப்பக்கம்) வார்ப்பு எண், அதாவது பிளாக்கை வார்க்கும்போதே அச்சில் விழுந்த எண், இருக்கும். அங்கே 3970010 என்று பார்த்ததும் பலர் குதிப்பார்கள், கமாரோவின் வேக வகையான இஸட்/28 காரின் 302-க்கும் அந்த எண் வந்திருக்கிறது என்று. உண்மைதான். ஆனால் அதே வார்ப்பில்தான் 1970-கள் முழுக்கச் சாதாரண 350-களும், பிக்கப் லாரி இன்ஜின்களும் வந்தன. கொள்ளளவைத் தீர்மானிப்பது சிலிண்டர் விட்டமும் கிராங்க் வீச்சும் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்). 302, 327, 350 மூன்றுக்கும் விட்டம் 4 அங்குலமே. வீச்சுதான் 3, 3.25, 3.48 என்று மாறும். வெளியே நின்று பார்த்தால் அது தெரியாது.

அடுத்தது பிளாக்கை வார்த்த தேதி. மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள், பிறகு ஆண்டின் கடைசி இலக்கம் மட்டும். ‘சி 15 9’ என்றால் மார்ச் 15, 1969. அல்லது 1979! ஒரே வார்ப்பு எண் இத்தனை காலம் ஓடியதால் இரண்டுக்கும் வாய்ப்புண்டு.

அதனால் தனி எண் எதையும் நம்பாதீர்கள். முன்பக்கம், வலது சிலிண்டர் ஹெட்டுக்குச் சற்று முன்னால் எண்கள் பதிந்த ஒரு சின்ன தட்டையான பரப்பு இருக்கிறது. ஆல்டர்னேட்டர் பாதி மறைத்திருக்கும். துணியும் டார்ச்சும் வேண்டும். ‘வி 0321’ என்றால் ஃப்ளின்ட் ஆலையில் மார்ச் 21 அன்று பொருத்திய இன்ஜின். பின்னால் வரும் எழுத்துகள் எந்த வகை இன்ஜின் என்று சொல்லும். ‘டிஇஸட்’ என்றால் 1969 இஸட்/28. 1968 முதல் காரின் அடையாள எண்ணில் ஒரு பகுதியும் பிளாக்கில் பதிக்கப்பட்டது. வார்ப்பு முதலில், பொருத்தியது அப்புறம், கார் வெளிவந்தது கடைசியில். இந்த வரிசை குலைந்தால் கதையும் குலைகிறது.

எண்ணை மட்டும் படித்து, அது பதிந்திருக்கும் பரப்பைப் பார்க்காமல் விடுவது எனக்குத் தெரிந்து அதிகம் செலவு வைக்கும் தவறு. ஆலையில் சீவிய பரப்பில் முன்பின்னாக ஓடும் மெல்லிய இணைகோடுகள் இருக்கும். பளபளவென்று வழுவழுப்பாக இருந்தால் யாரோ மில்லிங் செய்திருக்கிறார்கள். மெஷின் ஷாப்பில் நியாயமாகச் செய்த வேலையாகவும் இருக்கலாம். ஆனால் அதற்குமேல் எழுத்துகள் மட்டும் கூர்மையாக நின்றால், புதிதாக அடித்தவை என்றே எடுத்துக்கொள்வேன்.

‘சி.இ.’ என்று பதிந்த பிளாக்கைப் போலி என்று ஒதுக்குவதும் தவறு. வாரன்டி காலத்தில் கெட்டுப்போன இன்ஜினுக்குப் பதிலாக ஷெவ்ரலேயே கொடுத்த பிளாக் அது. அடுத்த இலக்கம் ஆண்டைக் குறிக்கும். அதற்காக அசல் இன்ஜின் உள்ள காரின் விலையைக் கொடுக்கவும் கூடாது. டீலர் ரசீது கூடவே இருந்தால் மதிப்பு கூடும். மறைக்காமல் சொல்லும் சி.இ. பிளாக், திருட்டுத்தனமாக அடித்த ‘டிஇஸட்’டைவிட எனக்கு மேல்.

ஃபோர்டில் வேறு குழப்பம். ‘சி8’ என்று தொடங்கும் எண் 1968-ல் வரைந்த வடிவமைப்பைச் சொல்கிறது, வார்த்த ஆண்டை அல்ல. வார்த்த தேதி தனியாக இருக்கும்.

மறுபடி ஷெவ்ரலேக்கு வருவோம். பிளாக்கில் ‘ஹெச்சோ என் மெக்சிகோ’ (மெக்சிகோவில் தயாரானது) என்று வார்த்திருந்தால் அது பின்னாளில் ஜெனரல் மோட்டார்ஸ் விற்ற குட்ரெஞ்ச் மாற்று இன்ஜினாக இருக்க வாய்ப்பு அதிகம். பின்பக்க கிராங்க் சீல் (ஆயில் கசியாமல் தடுப்பது) ஒரே வளையமாக இருந்தால் 1986-க்கு முந்தையது அல்ல. தினமும் ஓட்ட நல்ல இன்ஜின்தான். கம்ப்ரஷன் பார்த்து, ஓடும் இன்ஜினுக்கு உரிய விலையை மட்டும் போடுங்கள். எண்ணைப் பற்றி யாரும் கேட்காத ஆறு சிலிண்டர் கமாரோவில் இதனால் பெரிய நஷ்டமில்லை. இஸட்/28-இல் அப்படியல்ல.

கடைசியாக, பழைய பிளாக் எங்கே என்று கேட்க மறக்காதீர்கள். கனெக்டிங் ராடு உடைந்து பக்கவாட்டில் ஓட்டையே விழுந்திருந்தாலும் காரின் எண் அதில்தான் இருக்கிறது, பழுதுபார்க்கவும் முடியலாம். ஷெட் மூலையில் கிடந்தால், காரோடு அதுவும் சேர்த்தி என்று விற்பனைப் பத்திரத்தில் எழுதி வாங்குங்கள்.