'ஸ வா': எங்கே, யாரிடம், எப்படிச் சொல்வது

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில், அதாவது நம் பழைய பத்தாங் பெர்ஜுந்தையில், உட்கார்ந்துகொண்டு பிரெஞ்சு எதற்கு என்று கேட்பீர்கள். பக்கத்துக் கோல சிலாங்கூருக்கு மின்மினி பார்க்க வருகிறவர்களில் பிரெஞ்சுக்காரர்களும் உண்டு, அவர்களுக்கு வண்டி ஓட்டுவதும் சாப்பாடு போடுவதும் பல நேரம் நம் ஆட்கள்தான். போதாததற்கு, 1917-இல் இங்குள்ள தென்னமரம் தோட்டத்தில், இந்த நாட்டிலேயே வியாபாரத்துக்கென்று முதன்முதலில் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்டவரே ஆன்ரி ஃபொகோனியே என்ற பிரெஞ்சுக்காரர்.

சரி, ஒன்றே ஒன்று கற்பதென்றால் 'ஸ வா' போதும். நேர்ப்பொருள் 'அது போகிறது', அதை வைத்து ஒன்றும் ஆகாது, எல்லாம் குரலில் இருக்கிறது. கடைசியில் குரலை ஏற்றினால் 'எப்படி, நல்லா இருக்கீங்களா?', இறக்கினால் 'நல்லாத்தான் இருக்கேன்'. நம்மிடம் ஒருவர் 'சாப்பிட்டாச்சா?' என்றால் என்ன குழம்பு என்று விளக்கமா சொல்கிறோம்? அதே கணக்குதான், மூட்டுவலிக் கதையை ஆரம்பிக்காதீர்கள். 'ஸ வா, ஏ துவா?' என்று திருப்பிக் கேட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். மரியாதை வேண்டிய இடத்தில் 'துவா' கூடாது, 'ஏ வூ?'. 'வ' வரும்போது மேல்பல் கீழுதட்டைத் தொடட்டும், இல்லாவிட்டால் நம் 'வா' மாதிரியே கேட்கும்.

முன்பின் தெரியாதவரிடம் எடுத்த எடுப்பிலேயே இதைச் சொன்னால் ரொம்ப உரிமை எடுத்துக்கொண்ட மாதிரி இருக்கும். முதலில் 'போன்ஷூர்', அதாவது வணக்கம். அதைச் சொல்லாமல் பேச்சைத் தொடங்குவது அவர்கள் ஊரில் மரியாதைக் குறைவு. அப்புறம் நலம் விசாரிக்க 'கொமான் தலே வூ?'.

நாம் சறுக்கும் இடம் சாப்பாடு. 'இன்னும் ஒரு தோசை?' என்று கேட்கிறீர்கள், விருந்தாளி தட்டுக்கு மேலே கையை வைத்து 'ஸ வா, மெர்ஸி' என்கிறார். 'சரி, வை' என்று சொல்வது போல இருக்கும், ஆனால் அதற்குப் போதும் என்று அர்த்தம். நம் வீட்டில் மூன்று தடவை வேண்டாம் என்றாலும் வைத்துவிடுவோம், அந்த உபசாரம் இங்கே செல்லாது, தோசையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போங்கள்.

'ஸ வா பா, நோன்?' என்று முறைத்துக்கொண்டு சொன்னால் 'உனக்கென்ன பைத்தியமா?' என்று பொருள். நீங்கள் சொல்ல வேண்டாம், புரிந்தால் போதும். 'ஸ வா அலே' என்பது ஆறுதல், 'எல்லாம் சரியாகிவிடும்'. மழை பிடித்துப் படகு கிளம்பாமல் அவர்கள் முகம் வாடியிருக்கும்போது அதைச் சொல்லி ஒரு தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) வாங்கிக் கொடுங்கள்.