பூவாறு, கோவளம் போகும் பெண்கள் தண்ணீரில் செய்யும் தவறுகள்

களியக்காவிளை தாண்டிவிட்டால் கேரளத்துப் பூவாறும் கோவளமும் பக்கம்தான். மார்த்தாண்டம், குழித்துறை வட்டாரத்திலிருந்து கல்லூரிப் பிள்ளைகளும், வீட்டு வேலையை முடித்துவிட்டு ஒரு நாள் கிளம்பும் அம்மாக்களும் இப்போது கூட்டமாகக் கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகு ஓட்டவும், முதுகில் காற்று உருளை கட்டிக் கடலுக்குள் போகும் ஸ்கூபா முங்கவும் போகிறோம். பார்க்கவே மனசு நிறைகிறது. ஆனால் படகுத்துறையில் நிற்கும் ஒவ்வொரு முறையும் ஒரு விஷயம் உறுத்துகிறது. தைரியத்துக்கு நம்மிடம் குறைவில்லை. பெரும்பாலான தவறுகளைக் கூச்சத்தால் செய்கிறோம்.

எனக்கே நடந்தது. பூவாறு காயலில் முதல் முறை கயாக் ஏறியபோது, லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட வந்த பையன் பட்டையை இழுத்து இறுக்கப் போனான். நெஞ்சுப் பக்கம் கை வருகிறதே என்று, “போதும் தம்பி, நானே பாத்துக்கிடுதேன்” என்று விலகிவிட்டேன். நெய்யாறு கடலோடு சேரும் பொழிக்குக் கொஞ்சம் முன்னால், எதிரே வந்த மோட்டார் படகு கிளப்பிய அலையில் கயாக் கவிழ்ந்தது. ஜாக்கெட் மிதந்தது. நான் அதற்குள் தொங்கினேன். அதன் கழுத்து காதுவரை ஏறி, மூக்கும் வாயும் உள்ளே மாட்டிக்கொண்டன. கூட வந்த அக்கா தோளைப் பிடித்துத் தூக்கியதால் பிழைத்தேன்.

லைஃப் ஜாக்கெட்டை மாட்டினால் மட்டும் போதாது, அது உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும். எல்லாக் கொக்கிகளையும் போட்டு, கீழ்ப்பட்டையிலிருந்து மேலாக இறுக்குங்கள். பிறகு கூட வந்தவரை உங்கள் இரண்டு தோள்பட்டையிலும் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் தாடையைத் தொட்டால் அது உங்களுக்குப் பெரிது. பல இடங்களில் ஆண்கள் அளவுதான் குவிந்து கிடக்கும், ஒல்லியான பெண்களுக்கு அது பொருந்தாது. எத்தனை கிலோ எடைக்கானது என்று உள்பக்கம் எழுதியிருக்கும். அதைப் பார்த்து, சின்னதைக் கேட்டு வாங்குங்கள். தொடை இடுக்கு வழியாகப் போகும் பட்டை இருந்தால் அதையும் கட்டாயம் போட வேண்டும். அதைத்தான் நாம் ஒதுக்கிவிடுகிறோம், ஆனால் ஜாக்கெட் மேலே ஏறாமல் பிடித்துவைப்பதே அதுதான். பையன் கட்டுவது சங்கடமாக இருந்தால் தோழியைக் கட்டச் சொல்லுங்கள், தளர்வாக விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது உடை. சேலையும் துப்பட்டாவும் நனைந்தால் காலைச் சுற்றும். பருத்திச் சுடிதார் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். உடம்பு தெரியுமே என்ற கவலைக்காகப் பலர் அதோடேயே இறங்குகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை. நைலான் அல்லது பாலியெஸ்டரில் முழுக்கை மேல்சட்டையும் கணுக்கால் வரை லெக்கிங்ஸும் கிடைக்கின்றன. அலைச்சறுக்கு செய்பவர்களே வெயிலுக்காகவும் பலகை உரசாமல் இருக்கவும் இப்படித்தான் போடுகிறார்கள். முடியை இறுக்கிக் கொண்டை போடுங்கள், வளையலையும் நீளச் சங்கிலியையும் கழற்றி வையுங்கள்.

தண்ணீர் மேல் பைக் போல ஓட்டும் ஜெட் ஸ்கி பற்றி யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று உண்டு. அது பின்னால் பீய்ச்சும் தண்ணீர் மிகுந்த வேகம் கொண்டது. பின்னால் உட்கார்ந்தவர் சறுக்கி அந்தப் பீய்ச்சலுக்கு நேரே விழுந்தால், தண்ணீர் பிறப்புறுப்பு, ஆசனவாய் வழியாகப் பாய்ந்து உள்ளுறுப்புகளைக் கிழித்துவிடக்கூடும். சாதாரண நீச்சலுடை இதைத் தடுக்காது. வெட்சூட் என்ற தடித்த ரப்பர்த் துணிக் கால்சட்டை போட வேண்டும் என்று வண்டியிலேயே எச்சரிக்கை ஒட்டியிருக்கும். தொங்கும் துணியையும் முடியையும் அடியிலுள்ள உறிஞ்சுவாய் இழுத்துக்கொள்ளவும் கூடும். வெட்சூட் இல்லையா, சரி, ஏற வேண்டாம்.

ஸ்கூபாவுக்கு முன்னால் உடல்நலப் படிவம் தருவார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, கர்ப்பம் எல்லாம் கேட்டிருக்கும். பக்கத்தில் கணவரோ அலுவலகத் தோழர்களோ நிற்பார்கள். மடமடவென்று எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ போட்டுவிடுகிறோம். படிவத்தை வாங்கிக்கொண்டு தள்ளிப்போய் நிதானமாக நிரப்புங்கள். கர்ப்பம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே அன்றைக்கு முங்கக் கூடாது. மாதவிடாய் அப்படியல்ல. உடம்பு ஒத்துழைத்தால் கப்போ டாம்பனோ வைத்துக்கொண்டு போகலாம், துணி நாப்கின்தான் ஊறிப்போகும். முங்கியபின் எந்தக் காரணத்துக்காகவும் மூச்சை அடக்காதீர்கள். 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரலில் இருக்கும் காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும், மூச்சை அடக்கினால் அது நுரையீரலையே கிழித்துவிடக்கூடும். காது வலித்தால் உடனே கைச்சைகை காட்டுங்கள். பொறுத்துக்கொண்டால் செவிப்பறை கிழியக்கூடும்.

தண்ணீர் குடிக்காமல் வருவதும் அதே கூச்சம்தான். கழிப்பறை இருக்குமோ இருக்காதோ என்று காலையிலிருந்தே நாக்கை நனைக்காமல் வந்து, இரண்டு மணி நேரம் வெயிலில் துடுப்புப் போட்டால் தலை சுற்றும், சோர்ந்துவிடுவோம். முன்பதிவு செய்யும்போதே கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் உண்டா என்று கேளுங்கள். நிறையப் பேர் கேட்டால்தான் அவர்களும் கட்டுவார்கள்.

கடலுக்கு வருவோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அப்போது இந்தக் கரை நமக்கானதல்ல. அதற்கு முன்னால் வரும் கோடையிலும் ஒரு வில்லங்கம் உண்டு, கள்ளக்கடல். வானம் தெளிவாக இருக்கும், காற்று இருக்காது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் எங்கோ அடித்த புயல்காற்று எழுப்பிய அலை நாள்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து அடிக்கும். 2024 மே 6 அன்று குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனது அப்படியொரு எச்சரிக்கைக் காலத்தில்தான். ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் நிறுவனமான இன்காய்ஸ் இதை முன்கூட்டியே அறிவிக்கிறது. கிளம்பும் காலையில் பாருங்கள். கரையில் வலை உலர்த்தும் ஒரு சேச்சியிடமும் கேளுங்கள்.

கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துப்போகும் நீரோட்டமான இழுவையில் மாட்டினால் கரையை நோக்கி நீந்திக் களைத்துப்போகாதீர்கள். அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடைவெளிதான் பெரும்பாலும் இழுவை ஓடும் இடம். மிதந்தபடி கையைத் தூக்கிக் கத்துங்கள். இழுப்பு தளர்ந்ததும் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போய், அப்புறம் கரைக்குத் திரும்புங்கள். எல்லோரும் பார்ப்பார்களே என்று கத்தாமல் இருந்த பெண்களை நான் கண்டிருக்கிறேன். மூச்சு முட்டத் தொடங்கிய பிறகு கத்த நினைத்தாலும் குரல் வராது.

நீச்சல் தெரியாது என்பதையும் மறைக்கிறோம். எங்கள் பாட்டி தலைமுறை குழித்துறை ஆற்றில் குளித்தே நீந்தப் பழகியது. குளியலறை வீட்டுக்குள் வந்ததும் அது எங்களோடு அறுந்துபோனது. வெட்கப்பட இதில் எதுவுமில்லை, ஆனால் படகுக்காரரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லிவிட வேண்டும். பழக நினைத்தால் குளோரின் போட்ட நீச்சல்குளத்துக்குப் போங்கள். தேங்கிய குளங்களில் மூக்கு வழியாக ஏறி மூளையைத் தாக்கும் அமீபா கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் பல உயிர்களை எடுத்திருக்கிறது. முதலில் மல்லாந்து மிதக்கப் படியுங்கள், நீந்துவது பிறகு. கோழிக்கோட்டு தில்னாவும் புதுச்சேரி ரூபாவும் 2024 அக்டோபர் 2 முதல் 2025 மே 29 வரை பாய்மரப் படகில் இருவராக உலகைச் சுற்றி வந்தார்கள். அந்தக் கடற்படை அதிகாரிகள் அதற்கு முன்னால் 3 ஆண்டுகள் பயிற்சி எடுத்திருந்தார்கள்.

போன மாதம் மறுபடி பூவாறு போனோம். அதே காயல்தான். சின்ன ஜாக்கெட் கேட்டேன், உள்ளே போய்த் தேடி எடுத்து வந்தார்கள். அக்கா பட்டையை இறுக்கி, தோளைப் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.