ஒரு கார் சாவி தொலைந்தாலே டூப்ளிகேட் போட்டுவிடுங்கள்

இரண்டு சாவியில் ஒன்று தொலைந்துவிட்டால், மற்றொன்று கையில் இருக்கும்போதே டூப்ளிகேட் போட்டுவிடுங்கள். ‘அதுதான் இன்னொன்று இருக்கிறதே’ என்று தள்ளிப்போடவே கூடாது.

இப்போதைய கார் சாவியின் கைப்பிடிக்குள் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சிப் இருக்கும். வண்டியில் உள்ள இம்மொபைலைசர் என்ற திருட்டுத் தடுப்புக் கருவி அதை அடையாளம் கண்டால்தான் இன்ஜின் ஓடும். ஒரு சாவி இருந்தால் பல மாடல்களில் புதியதைப் பதிவது சுலபம். இரண்டும் போனால் வண்டியை சர்வீஸ் சென்டருக்கு டோ செய்து (கட்டி இழுத்து) கொண்டுபோக வேண்டியிருக்கலாம். சில மாடல்களில் லாக் செட்டையே, அதாவது எல்லாப் பூட்டுகளையும், மாற்றச் சொல்வார்கள்.

புது வண்டிச் சாவியோடு எண் பொறித்த சின்னத் தகடு ஒன்று வரும். அதை வளையத்தில் தொங்க விடாமல் வீட்டில் பத்திரப்படுத்துங்கள். அந்த எண் இருந்தால் பூட்டைக் கழற்றாமலே சாவி வெட்டிவிடலாம். அப்புறம், வண்டி திருடு போனால் இன்சூரன்ஸ்காரர்கள் இரண்டு சாவியையும் கேட்பார்கள். அதனால் ஒன்று தொலைந்ததுமே அவர்களுக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது.

இம்மொபைலைசர் இல்லாத பழைய அம்பாசிடர் போன்ற வண்டிகளுக்கு இந்த அவசரம் இல்லை, சாவி வெட்டும் கடையே போதும். ஆனால் சாவி திருடு போயிருந்தால் டூப்ளிகேட் மட்டும் போதாது. பழைய சாவியின் பதிவை வண்டியிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். கதவுப் பூட்டையும் மாற்றிவிடுங்கள்.