இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டியவை

அப்பாவின் காரியம் முடிந்த மறுநாள், சேலம் செவ்வாய்ப்பேட்டை வீட்டில் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். கொலுசுப் பட்டறை நடத்தியவர்; வெள்ளிக் கணக்கு முழுவதையும் மனத்திலேயே வைத்திருந்தார். காலண்டர் தாள் ஒன்றின் பின்புறம் ‘குகை 340’ என்று மட்டும் எழுதியிருந்தது. குகை எங்கள் ஊரின் ஒரு பகுதி; அங்கே யாருக்கு, அது கொடுத்த வெள்ளியா வாங்கிய வெள்ளியா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. "இது யாரு கணக்குப்பா?" என்று அம்மா என்னிடம் கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது.

ஆகவே முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வரவேண்டியது, தரவேண்டியது, அடகுச் சீட்டு, காப்பீட்டுப் பத்திரம், வங்கிக் கணக்கு, பட்டா ஆகியவற்றை, எது எங்கே இருக்கிறது என்ற குறிப்போடு, ஆளின் முழுப் பெயரையும் ஊரையும் சேர்த்து எழுதுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, ஆயுத பூஜையன்று கணக்கு நோட்டுகளுக்குப் பொட்டு வைக்கும்போது, அதைத் திருத்துங்கள்.

அடுத்தது உயில். வெள்ளைத் தாளில் எழுதினாலே போதும், முத்திரைத்தாள் தேவையில்லை. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்த்த இரண்டு சாட்சிகளாவது அதில் கையெழுத்திட வேண்டும். சொத்தில் பங்கு பெறாத, உங்களைவிட இளையவர்களைச் சாட்சிகளாக வைப்பது நல்லது, ஏனெனில் பின்னாளில் வழக்கு வந்தால் அவர்கள்தான் நேரில் வந்து சொல்ல வேண்டியிருக்கும். பதிவு செய்வது கட்டாயமில்லை என்றாலும், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடும்படியே நான் சொல்வேன். மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். கடைசியாக எழுதியதே செல்லும்.

வங்கியில் நியமனதாரர் (நாமினி) பெயர் கொடுத்துவிட்டதால் பணம் அவருக்கே சொந்தம் என்று பலர் நம்புகிறார்கள். அவர் பணத்தைப் பெற்று வாரிசுகளிடம் சேர்ப்பவர் மட்டுமே. காப்பீட்டுத் தொகைக்கும் உச்ச நீதிமன்றம் 1984இல் இவ்வாறே தீர்ப்பளித்தது; ஆனால் 2015இல் காப்பீட்டுச் சட்டம் திருத்தப்பட்டபின் அதற்கான விதி மாறிவிட்டது. உயில் இல்லாமல் இறக்கும் இந்து ஆணின் சொந்தச் சொத்தில் மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் மட்டுமன்றி, உயிரோடிருக்கும் தாய்க்கும் சம பங்கு உண்டு. தாயின் பங்கைத்தான் நம் வீடுகளில் மறந்துவிடுகிறோம்.

இறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்பதையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். துக்கத்தில் இருப்பவர்களுக்கு நாள் கணக்கு நினைவிருக்காது.

சொத்தைப் போலவே பராமரிப்பையும் எழுதி வைக்க வேண்டும். என் நோட்டில் அம்மாவுக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது: காலை மாத்திரை சாப்பாட்டுக்கு முன்; மாதம் ஒரு முறை ஏற்காட்டில் சித்தி வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும்; இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் தலை சுற்றும், ஆதலால் பேருந்தில் முன் இருக்கை பிடிக்க வேண்டும்.