நிபந்தனையில்லாத அன்பு: வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த காலை. 600க்கு 431. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார். மதியம் சாப்பாட்டு நேரத்தில் பையனிடம் நேராகப் பேச்சு இல்லை. "அவனுக்கு ரசம் வேணுமான்னு கேளு" என்று அம்மா வழியாகத்தான் கேள்வி வருகிறது. இரண்டு நாளில் எல்லாம் சகஜமாகிவிடும். ஆனால் அதற்குள் பையன் ஒன்றைக் கற்றுக்கொண்டிருப்பான்: மார்க் வந்தால்தான் அப்பா என்னோடு பேசுவார்.

அடிப்பதும் திட்டுவதும் தவறு என்று இப்போது பலருக்கும் தெரிகிறது. முகத்தைத் திருப்பிக்கொள்வது மட்டும் தவறாகவே தோன்றுவதில்லை. குழந்தை வழிக்கு வருகிறதே, அப்புறம் என்ன என்று விட்டுவிடுகிறோம். அவி அசோர், கை ராத், எட்வர்ட் டெசி என்ற மூன்று உளவியலாளர்கள் இதைப் பற்றி 2004இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சொன்னபடி நடந்தால் கூடுதலாகவும் நடக்காவிட்டால் குறைத்தும் பாசம் காட்டிய பெற்றோரிடம் வளர்ந்ததாகச் சொன்ன கல்லூரி மாணவர்கள், பெற்றோர் எதிர்பார்த்ததைச் செய்யத்தான் செய்தார்கள். ஆனால் உள்ளுக்குள் யாரோ பிடித்துத் தள்ளுவதுபோல ஒரு நிர்ப்பந்தத்தோடு செய்தார்கள். ஜெயித்த சந்தோஷம் சீக்கிரமே கரைந்தது. தவறினால் குற்ற உணர்ச்சி. பெற்றோர் மேல் மனக்கசப்பு. பிள்ளை வழிக்கு வந்துவிடுவதால் இந்த விலை வீட்டில் யார் கண்ணிலும் படுவதில்லை. எனக்கு இதில் பெரிய கவலையே அதுதான்.

இதற்கு மாற்றாக, "மார்க் எல்லாம் ஒரு விஷயமே இல்லை கண்ணு" என்று பொய்யாகச் சிரிக்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு அது உடனே தெரிந்துவிடும். "எனக்கு ஏமாற்றமாத்தான் இருக்கு. கெமிஸ்ட்ரியில என்ன ஆச்சுன்னு நாளைக்கு உட்கார்ந்து பார்ப்போம். இப்ப சாப்பிட வா." இவ்வளவு போதும். வருத்தத்தை மறைக்கவும் இல்லை, பக்கத்தில் இருக்கும் இடத்தைப் பறிக்கவும் இல்லை.

இதற்கு நேர் எதிரான தவறு ஒன்று உண்டு. எனக்கு அதுதான் இன்னும் கொடுமையாகப் படுகிறது: நிபந்தனையில்லாத அன்பு என்றால் எல்லாவற்றையும் தாங்கிக்கொள்வது என்று நினைப்பது. குடித்துவிட்டு வந்து அடிக்கிற கணவனைப் பற்றிச் சொன்னால், "நீ அன்பா இரு, அவன் தானா திருந்துவான்" என்று சொந்த அம்மாவே அனுப்பி வைக்கிறாள். அன்பின் பெயரால் இப்படித் திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் எத்தனையோ பேர்.

அன்பும் எல்லையும் ஒன்றாக இருக்க முடியுமா என்று கேட்பவர்கள் கடலூர் மாவட்டத்து வடலூரைப் பார்க்கலாம். வள்ளலார் அங்கே 1867 மே 23 அன்று சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. பசி என்று வருகிறவரிடம் சாதி கேட்பதில்லை, மதம் கேட்பதில்லை, நீ நல்லவனா என்றும் கேட்பதில்லை. உட்காரவைத்துச் சோறு போடுகிறார்கள். அதே ஊரில் அவர் 1872இல் நிறுவிய சத்திய ஞான சபையில் கதை வேறு. கொலையும் புலாலும் தவிர்த்தவர்கள் மட்டுமே உள்ளே வரலாம் என்று அங்கே எழுதி வைத்திருக்கிறது. சோற்றுக்கு நிபந்தனை இல்லை. சபைக்குள் நுழைய நிபந்தனை உண்டு. இரண்டையும் வைத்தவர் ஒரே மனிதர். அவருடைய கருணை குறைந்துவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

வீட்டுக்கும் இதே கணக்குத்தான். ஒருவர் நன்றாக இருக்கவேண்டும் என்று மனதார நினைப்பது வேறு, அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது வேறு. அந்தக் கணவன் குடியை விட வேண்டும் என்று அவள் வேண்டிக்கொள்ளலாம், அரசு மருத்துவமனையின் போதை மீட்பு வார்டுக்கு வழி கேட்டுச் சொல்லலாம். அதையெல்லாம் அடி விழாத இடத்தில் இருந்துகொண்டே செய்யலாம். 181 என்ற பெண்கள் உதவி எண் அதற்குத்தான் இருக்கிறது. குடும்ப வன்முறைக்கு எதிரான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பாதுகாப்பு ஆணையும், அதே வீட்டில் குடியிருக்கும் உரிமையும் கேட்டு வாங்கலாம். வாங்கிய கடனைத் திருப்பாமல் மறுபடி வந்து நிற்கும் தம்பிக்கும் இது பொருந்தும். சாப்பாடு போடுங்கள், ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள்.

அப்புறம், சொல்லிக் காட்டுவது. "உனக்காக என் நகையெல்லாம் அடகுக்குப் போச்சு" என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சண்டை வரும்போதெல்லாம் அது வெளியே வந்தால், கொடுத்ததெல்லாம் கேட்பவர் தலையில் கடனாக ஏறிவிடும். திரும்பி வராவிட்டால் மனசு ஆறாது என்று தெரிந்தால் கொடுக்கும்போதே கடன் என்று சொல்லிவிடலாம். அது உறவுக்கும் நல்லது.

நல்லவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்ளும் தவறு இன்னொன்று. படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவை மகள் பார்த்துக்கொள்கிறாள். படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கவேண்டும். ராத்திரி மூன்று மணிக்கு, இப்போதுதான் மாற்றிய விரிப்பு மறுபடி நனைந்திருக்கிறது. "கொஞ்சம் முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்று கத்திவிடுகிறாள். விடியும்வரை அழுகை. தன் அன்பே பொய் என்று முடிவு கட்டிவிடுகிறாள்.

கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், தன்னிடம் வருபவரை எந்த நிபந்தனையும் இல்லாமல் ஏற்றுக்கொள்வதை மனநல ஆலோசனையின் அடிப்படைகளில் ஒன்றாக வைத்தவர். 1957இல் எழுதிய கட்டுரையின் அடிக்குறிப்பிலேயே அவர் இதைத் தெளிவுபடுத்திவிட்டார். நல்ல ஆலோசகருக்கும் அந்த ஏற்பு பல தருணங்களில் இருக்கும், சில தருணங்களில் நிபந்தனையோடுதான் இருக்கும்; எந்த உறவிலும் அது கூடக்குறைய இருப்பதுதான் என்றார். மணிக்கணக்கில் நேரம் ஒதுக்கி, பயிற்சி பெற்று, கட்டணம் வாங்கிச் செய்பவருக்கே அப்படி. தூக்கமில்லாத மகளிடம் அதற்கு மேல் கேட்பது நியாயமே இல்லை. காலையில் அம்மாவின் கையைப் பிடித்து, "ராத்திரி கத்திட்டேன்மா, தூக்கக் கலக்கம்" என்றால் போதும்.

அதைவிட முக்கியமாக, தனியாகச் சுமப்பதை நிறுத்த வேண்டும். அண்ணனிடம் "நீயும் கொஞ்சம் பார்த்துக்கோ" என்று பொதுவாகச் சொன்னால் எதுவும் நடக்காது. "சனி, ஞாயிறு ராத்திரி நீ வந்து அம்மா பக்கத்துல படு" என்று கிழமை சொல்லிக் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் பற்றி விசாரிக்கலாம். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து வலி தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைப் பயிற்சியும் கொடுப்பது 2021இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் சேர்ந்ததுதான்.